பிள்ளை கேட்ட பாம்பு

“எப்பா, எனக்கு ஒரு பாம்பு வாங்கித் தாங்கப்பா.”

கோவில்பட்டியிலிருந்து பசுவந்தனை வரையுள்ள கரிசல் ஊர்களில் இருபது ஆண்டுகளுக்கு முன்பு எந்தப் பிள்ளையும் இப்படிக் கேட்டிருக்காது. பாம்பு என்றதும் கம்பைத் தேடிய வீடுகள் அவை. இப்போது பிள்ளைகளின் கைக்குக் கைபேசி வந்துவிட்டது. அதில் எங்கோ அமெரிக்காவில் ஒரு சிறுமி ஆரஞ்சு நிறப் பாம்பைக் கையில் சுற்றிக்கொண்டு சிரிக்கிறாள். பாம்பு அவள் விரல்களுக்கு நடுவே நழுவிப் போகிறது. சீறவில்லை, கடிக்கவில்லை. பார்க்கிற பிள்ளைக்கு ஆசை வந்துவிடுகிறது.

இந்த ஆசையைத் திட்டி அடக்கிவிடக் கூடாது. பாம்பைக் கண்டு ஓடாமல், அது எப்படி வாழ்கிறது என்று தெரிந்துகொள்ள நினைக்கும் மனம் அறிவியலுக்கு வேண்டிய மனம். ஆனால் பிள்ளை கேட்கும் அந்தப் பாம்பு எது, அதை வளர்க்க என்ன வேண்டும், அது கரிசலுக்கு வரலாமா என்ற கேள்விகளுக்குப் பெரியவர்களிடம் தெளிவான பதில் இருக்க வேண்டும்.

ஆரஞ்சுப் பாம்பின் ஊர்

கைபேசியில் வருவது பெரும்பாலும் கார்ன் ஸ்னேக் எனப்படும் சோளப்பாம்பு. அறிவியல் பெயர் பாந்தெரோஃபிஸ் குட்டாட்டஸ். அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதி, அதாவது நியூ ஜெர்சி தொடங்கி ஃபுளோரிடா வரையிலான நிலம் அதன் தாயகம். நஞ்சு கிடையாது. வளர்ந்த பாம்பு பொதுவாக இரண்டு அடி முதல் ஆறு அடி வரை நீளம் இருக்கும். எலியைக் கவ்வியதும் உடலால் சுற்றி இறுக்கிக் கொன்று விழுங்கும். மக்காச்சோளக் களஞ்சியங்களுக்கு எலி வரும். எலிக்குப் பின்னால் இந்தப் பாம்பும் வரும்.

பெண் பாம்பு ஒரு முறைக்குப் பத்து முதல் முப்பது முட்டைகள் வரை இடும். ஏறக்குறைய இரண்டு மாதத்தில் குஞ்சு பொரிக்கும். பொரித்த அன்றே ஒவ்வொரு குஞ்சும் தன் இரையைத் தானே தேடியாக வேண்டும். பாம்புகளில் பெரும்பாலானவை குஞ்சுகளைப் பேணுவதில்லை. வளர்ப்பவரிடம் நாயைப் போல அன்பு காட்டும் இயல்பும் அவற்றுக்கு இல்லை. வீடியோவில் பாம்பு அமைதியாக இருப்பது அந்தச் சிறுமியை நேசிப்பதால் அல்ல. அவள் கை தனக்குக் கேடு செய்யாது என்று அது பழகியிருக்கிறது, அவ்வளவே. பல தலைமுறைகளாக மனிதர் கையில் பிறந்து வந்த பாம்பினம் என்பதால் இந்தப் பழக்கம் அதற்கு எளிதாக வருகிறது.

அந்த ஆரஞ்சு நிறமும் மனிதர் தேர்ந்தெடுத்த நிறம்தான். காட்டிலுள்ள சோளப்பாம்பின் முதுகில் செம்பழுப்புத் திட்டுகளும் அவற்றைச் சுற்றிக் கறுப்பு விளிம்பும் இருக்கும். கறுப்பைத் தருவது மெலனின் என்ற நிறமி. மெலனின் உருவாகாத பாம்பில் கறுப்பு மறைந்து சிவப்பும் மஞ்சளும் மட்டும் மிஞ்சும். இந்தக் குறை ஒடுங்கு பண்பாகக் கடத்தப்படுகிறது. தாயும் தகப்பனும் தலைக்கு ஒரு மாறிய மரபணுவை மறைவாக வைத்திருந்தால், குஞ்சுகளில் நாலில் ஒன்றுக்கு ஆரஞ்சு நிறம் வரும் வாய்ப்பு உண்டு. ஓசிஏ2 என்ற மரபணுவுக்குள் வேறொரு டிஎன்ஏ துண்டு புகுந்துகொண்டதே இதற்குக் காரணம் என்று ஜெனீவா ஆய்வாளர்கள் 2015இல் காட்டினார்கள். அதே மரபணு மனிதரில் பழுதானாலும் ஒரு வகை வெண்தோல் நிலை உண்டாகிறது. பாம்புக்கும் நமக்கும் கறுப்பு நிறம் தரும் வேதியியல் ஒன்றுதான். பிள்ளைக்கு இதைச் சொல்லுங்கள். பாம்பு வேற்றுலகத்து உயிர் அல்ல என்று அதற்குப் புரியும்.

முறையாக வளர்ப்பது எப்படி

அமெரிக்காவிலோ பிரிட்டனிலோ வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்று தன் பிள்ளைக்குச் சோளப்பாம்பு வாங்கினால் சட்டம் பொதுவாகத் தடுக்காது. ஆஸ்திரேலியாவில் தடை. சிங்கப்பூரில் எந்தப் பாம்பையும் செல்லப்பிராணியாக வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. அனுமதி உள்ள இடத்திலும் பொறுப்பு சிறியதல்ல.

பாம்பைக் கொண்டுவரும் முன்பே பெட்டி தயாராக இருக்க வேண்டும். அதன் ஒரு பக்கம் 29, 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலும், மறுபக்கம் 24, 25 டிகிரியிலும் இருக்க வேண்டும். இரு பக்கமும் ஒளிந்துகொள்ள ஒவ்வொரு இடம் வேண்டும். குடிநீர்க் கிண்ணம் வேண்டும். விரல் நுழையும் சந்து இருந்தாலும் பாம்பு வெளியேறிவிடும் என்பதால் மூடி இறுக்கமாக இருக்க வேண்டும்.

வந்த முதல் வாரம் பாம்பைத் தொடவே கூடாது. பிள்ளைக்கு இதுதான் கடினம். புது இடத்தின் வாசனையும் அதிர்வும் பாம்புக்குப் பெரிய கலக்கம். அது ஒளிந்து கிடந்து, நாக்கை நீட்டி, காற்றிலுள்ள வாசனைத் துகள்களை எடுத்து, மேலண்ணத்திலுள்ள ஜேக்கப்சன் உறுப்பில் வைத்துச் சோதித்துத்தான் இடத்தைத் தெரிந்துகொள்ளும். ஐந்து முதல் ஏழு நாள் கழித்து முதல் இரை கொடுக்கலாம். தின்று இரண்டு நாள் ஆகும்வரை மறுபடியும் கை வைக்கக் கூடாது. வைத்தால் விழுங்கியதைக் கக்கிவிடும்.

இரை என்பது எலி. குஞ்சுப் பாம்புக்கு வாரம் ஒரு முறை கண் திறக்காத எலிக்குட்டி, பெரிய பாம்புக்குப் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை வளர்ந்த சுண்டெலி. உறைய வைத்த எலியை வாங்கி ஃபிரீசரில் வைத்திருந்து, வெந்நீரில் இளக்கி, இடுக்கியால் பிடித்துக் கொடுக்கிறார்கள். மரக்கறி தின்று பாம்பு வாழாது. ஊர்வனவற்றின் குடலில் சால்மோனெல்லா என்ற கிருமி இயல்பாக இருக்கக்கூடும். அதனால் தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் ஊர்வனவற்றைத் தொடவே வேண்டாம் என்பது அமெரிக்க நோய்த் தடுப்பு மையத்தின் அறிவுரை.

நன்றாகப் பேணினால் சோளப்பாம்பு பதினைந்து, இருபது ஆண்டுகள் வாழும். எட்டு வயதுப் பிள்ளைக்கு வாங்கிய பாம்பு, அந்தப் பிள்ளை படிப்பு முடித்து வேலைக்குப் போன பிறகும் வீட்டில் இருக்கும். எலி இளக்கிக் கொடுக்கும் வேலை அப்போது பெற்றோருக்கு. வாங்கும் நாளில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பவர்கள் குறைவு.

கண்ணாடிப் பெட்டியும் கரிசல் வெடிப்பும்

பாம்புக்கு உடல் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் திறன் இல்லை. வெயிலுக்கு வந்து சூடேற்றிக்கொள்கிறது, நிழலுக்குப் போய்த் தணித்துக்கொள்கிறது. செரிமானம், நோய் எதிர்ப்பு, ஓட்டம் எல்லாம் சரியான சூட்டில்தான் சரியாக நடக்கும். ஆகவே பாம்புக்கு முதல் தேவை இடம் மாறும் உரிமை.

கரிசல் மண் அந்த உரிமையைத் தாராளமாகத் தருகிறது. இந்த மண்ணிலுள்ள களிமண் கனிமங்கள் மழைநீரை உறிஞ்சி உப்பும், காய்ந்தால் சுருங்கும். ஐப்பசியில் காலைப் பிடித்து இழுக்கும் அதே மண், பங்குனி, சித்திரையில் பாளம் பாளமாக வெடித்துக் கை நுழையும் அளவுக்கு வாய் பிளக்கிறது. மேலே கொதித்தாலும் வெடிப்பின் ஆழத்தில் சூடு குறைவு, ஈரம் கூடுதல். எலியும் தவளையும் தேளும் பாம்பும் கோடையைக் கழிப்பது அங்கேதான்.

இதே கோடையில், தகரமோ ஆஸ்பெஸ்டாஸோ வேய்ந்த வீட்டில் வைத்த கண்ணாடிப் பெட்டியை நினைத்துப் பாருங்கள். வெளியே வெயில் 38, 40 டிகிரிக்குப் போகும். 35 டிகிரிக்கு மேல் நெடுநேரம் இருந்தால் சோளப்பாம்பின் உயிருக்கே ஆபத்து. மின்விசிறியால் பயனில்லை, ஏனென்றால் பாம்புக்கு வியர்வை கிடையாது. இரவும் பகலும் குளிர்சாதனம் ஓட வேண்டும். மின்சாரம் ஒரு மதியம் நின்றாலும் போதும், பெட்டிக்குள் இருப்பது தப்பிக்க வழியில்லாமல் வெந்துவிடும். ஊரில் பாம்புக்கு வைத்தியம் தெரிந்த கால்நடை மருத்துவரைத் தேடுவதும் எளிதல்ல. பிள்ளையின் ஆசைக்கு அந்த உயிர் கொடுக்கும் விலை இது.

பையில் அடைத்து வரும் பாம்புகள்

இந்தியாவில் விற்கப்படும் அயல்நாட்டுப் பாம்பு எந்த வழியாக வந்தது என்று கேட்பது அவசியம். 2023 ஜனவரியில் சென்னை விமான நிலையத்தில், பாங்காக்கிலிருந்து வந்து கேட்பாரற்றுக் கிடந்த இரண்டு பைகளைச் சுங்கத்துறையினர் திறந்தார்கள். உள்ளே 45 பால் பைத்தான்கள், 3 மார்மோசெட் குரங்குகள், 3 நட்சத்திர ஆமைகள், 8 சோளப்பாம்புகள். அதே ஆண்டு ஏப்ரலில் கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு பயணியின் பெட்டிகளில் பல இனங்களைச் சேர்ந்த 22 பாம்புகளும் ஒரு பச்சோந்தியும் இருந்தன. சட்டப்படி கொண்டுவர உரிமமும் நலச்சான்றும் தொற்றுத்தடுப்புப் பரிசோதனையும் வேண்டும். அவற்றைத் தவிர்க்கத்தான் இப்படித் துணிப்பையிலும் டப்பாவிலும் அடைக்கிறார்கள். வழியில் சாவது சாக, பிழைத்தது கடைக்குப் போகிறது.

“அயல்நாட்டுப் பாம்பு வேண்டாம், நம் ஊர்ப் பாம்பைப் பிடித்து வளர்க்கலாமே” என்று ஒருவர் கேட்கலாம். அதுவும் கூடாது. 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி சாரை, நல்லபாம்பு, மண்ணுளி போன்ற நம் நாட்டுப் பாம்புகளைப் பிடிப்பதும் வளர்ப்பதும் விற்பதும் குற்றம்.

வளர்க்க முடியாமல் போனால் என்ன செய்வார்கள்? ஓடைக்கரையில் விட்டுவிடுவார்கள். இரக்கம் என்று நினைத்துச் செய்யும் இந்தக் காரியத்தின் விளைவை ஃபுளோரிடா அனுபவித்துவருகிறது.

ஃபுளோரிடாவுக்குப் போன இருளர்கள்

தெற்காசியா, தென்கிழக்கு ஆசியாவைச் சேர்ந்த பர்மிய மலைப்பாம்பை அமெரிக்கர்கள் செல்லப்பிராணியாக வாங்கினார்கள். வளர்ந்து பெரிதானபின் சிலர் வெளியே விட்டார்கள், சில தப்பின. எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தில் அவை பெருகின. 2012இல் வெளியான ஆய்வு ஒன்று, மலைப்பாம்பு நீண்டகாலமாக இருக்கும் பகுதிகளில் ரக்கூன் கண்ணில் படுவது 99 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்துவிட்டதாகக் கண்டது. 2016இல் ஃபுளோரிடா அரசு நடத்திய மலைப்பாம்பு வேட்டைப் போட்டியில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒரு மாதம் தேடிப் பிடித்தவை 106 பாம்புகள்.

2017 ஜனவரியில் அங்கே தமிழ்நாட்டிலிருந்து இருவர் வரவழைக்கப்பட்டார்கள். மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இருளர் பழங்குடியினர். தடம், எச்சம், புல் சாய்ந்த கோலம் இவற்றைப் பார்த்தே பாம்பு இருக்கும் இடம் சொல்லும் அறிவு அவர்களுடையது. இரண்டு வாரத்துக்குள் 13 மலைப்பாம்புகளைப் பிடித்தார்கள். அவற்றில் ஒன்று பதினாறு அடிப் பெண் பாம்பு. 2023இல் இந்திய அரசு இருவருக்கும் பத்மஸ்ரீ விருது அளித்தது.

சோளப்பாம்பும் தன் தாயகத்துக்கு வெளியே இப்படிக் குடியேறியிருக்கிறது. கரீபியக் கடலில் கிராண்ட் கேமன் தீவில் அது இன்று நிலைத்துவிட்ட அயலினம். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த உயிர் ஒன்று நிலத்தை என்ன செய்யும் என்பதைக் கரிசல் விவசாயிக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 2018இல் கர்நாடகத்தில் முதலில் காணப்பட்டு, அதே ஆண்டில் நம் மக்காச்சோளத்துக்கும் வந்த படைப்புழு அவருடைய பயிரின் குருத்தைத் தின்றது. சோளப்பாம்பு கரிசலில் பெருகிவிடும் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் வெப்ப நிலம், நிறைய எலி, ஒளிய வெடிப்பு என அதற்கு வேண்டிய பலவும் இங்கே உண்டு. சோதித்துப் பார்க்கக் கூடாத சோதனை இது.

நம் புஞ்சையின் பாம்புகள்

சோளப்பாம்பு அமெரிக்கக் களஞ்சியத்தில் செய்யும் வேலையைக் கரிசலில் செய்ய நம் பாம்புகள் ஏற்கெனவே இருக்கின்றன. ஒட்டப்பிடாரம், விளாத்திகுளம், எட்டயபுரம் பக்கத்து மானாவாரிப் புஞ்சைகளில் உளுந்து, பாசி, கம்பு, சோளம், பருத்தியோடு இன்று மக்காச்சோளமும் பெரிய வெள்ளாமை. கதிர் முற்றும் காலத்தில் எலி கதிரைக் கத்தரித்து வளைக்குள் சேர்க்கிறது. எலி ஏறத்தாழ மூன்று வாரச் சினையில் குட்டி போடும். இரை கிடைக்கும் காலத்தில் அதன் பெருக்கத்துக்கு அளவில்லை. வளைக்குள்ளேயே புகுந்து குட்டிகளோடு தின்னக்கூடிய உயிர் பாம்பு. ஆந்தைக்கும் பூனைக்கும் அந்த ஒடுங்கிய பாதையில் நுழைய இடமில்லை.

முதலில் சாரை. ஆறேழு அடி நீளம் வளரும். பகலில் திரியும், வேகமாக ஓடும், நஞ்சில்லை. இரையை இறுக்கிக் கொல்லாமல் உடலால் தரையோடு அழுத்தி விழுங்கும். நல்லபாம்பும் சாரையும் பிணைவதாக ஊரில் சொல்வார்கள். இரண்டு பாம்பு முறுக்கிக்கொண்டு தலை உயர்த்தி நிற்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். அது பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகளின் மல்லுக்கட்டு. ஒன்றின் தலையை ஒன்று தரையில் அழுத்தப் பார்க்கும். தோற்றது விலகிப் போகும். கடித்துக்கொள்வது அரிது. வேறு வேறு குடும்பத்தைச் சேர்ந்த நல்லபாம்பும் சாரையும் இணைவதில்லை.

சோளப்பாம்பைப் போலவே வேட்டையாடும் பாம்பு ஒன்றும் நம் நாட்டில் உண்டு. டிரிங்கெட் பாம்பு என்று பாம்பு நூல்கள் அழைக்கும் அந்தப் பழுப்புப் பாம்பின் கழுத்தில் இரண்டு கறுப்புக் கோடுகள் ஓடும். நஞ்சில்லாதது. எலியைச் சுற்றி இறுக்கித்தான் கொல்லும். ஒரு காலத்தில் அறிவியலாளர்கள் இதையும் சோளப்பாம்பையும் எலாஃபே என்ற ஒரே பேரினத்தில்தான் வைத்திருந்தார்கள். கடல் கடந்து தேடிய பாம்பின் தூரத்துச் சொந்தம், கூலி இல்லாமல் நம் பக்கத்துப் புஞ்சைகளில் எலி பிடித்துக்கொண்டிருக்கிறது.

அதே நிலத்தில்தான் நச்சுப்பாம்புகளும் வாழ்கின்றன. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கும் இந்தியாவில் மிகுதியான உயிர்ச்சேதத்துக்குக் காரணமானவை. வறண்ட நிலத்தை விரும்பும் சுருட்டைவிரியன் ஓரடி, ஒன்றரை அடிதான் இருக்கும். சருகிலும் கல்லிடுக்கிலும் மண்ணோடு மண்ணாகக் கிடக்கும். சீண்டினால் உடலைச் சுருட்டிச் செதில்களை உரசி அரம் தேய்ப்பதுபோல ஒலி எழுப்பும். கட்டுவிரியன் இரவில் திரியும்; தரையில் படுத்தவரைக் கடித்தால் பலருக்கு வலியே தெரிவதில்லை.

கண்ணாடிவிரியனைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். பழுப்பு முதுகில் கறுப்பு விளிம்பிட்ட நீள்வட்டத் திட்டுகள் சங்கிலிபோல வரிசையாக இருக்கும். சோளப்பாம்பின் முதுகிலும் கறுப்பு விளிம்பிட்ட திட்டுகள். அமெரிக்காவிலேயே சோளப்பாம்பைக் காப்பர்ஹெட் என்ற நச்சுப்பாம்பு என நினைத்து அடித்துக் கொல்கிறார்கள். அங்கே பெரியவர்களுக்கே மயக்கம். இங்கே, திட்டுப் போட்ட பாம்பைத் தினமும் கையில் எடுத்துக் கொஞ்சிப் பழகிய பிள்ளை பருத்திமார்க் குவியலில் கண்ணாடிவிரியனைக் கண்டால் என்ன செய்யும்? அதன் கை தயங்காமல் நீளும். சோளப்பாம்பைக் கரிசல் பிள்ளைக்கு வாங்கித் தரக் கூடாது என்பதற்கு மற்றக் காரணங்களெல்லாம் இதற்கு அடுத்தவையே.

2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 லட்சம் பேர் இறந்தார்கள் என்று 2020இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58,000. பெரும்பாலோர் கிராமத்து மக்கள். 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்தது. கரிசலில் பாம்பைப் பற்றிய அறிவு உயிர் காக்கும் அறிவு.

அச்சம் எங்கிருந்து வருகிறது

அப்படியானால் பிள்ளையைப் பாம்பிடம் பயம் காட்டி வளர்த்துவிடலாமா? 1980களில் சூசன் மினேக்கா என்ற உளவியலாளர் ரீசஸ் குரங்குகளை வைத்துச் செய்த சோதனைகள் இதற்கு விடை தருகின்றன. ஆய்வகத்தில் பிறந்து வளர்ந்த குரங்குகளுக்குப் பாம்பைக் கண்டு பயமில்லை. ஆனால் காட்டில் வளர்ந்த குரங்கு பாம்பைக் கண்டு நடுங்குவதை ஒருசில முறை பார்த்ததும் அவையும் நடுங்கத் தொடங்கின. படத்தொகுப்பில் பாம்புக்குப் பதில் பூவை வைத்து, பூவைக் கண்டு குரங்கு நடுங்குவதாகக் காட்டியபோது பூவிடம் அந்தப் பயம் வரவில்லை. பாம்பு அச்சத்தைக் கற்றுக்கொள்ள மூளை தயாராக இருக்கிறது. ஆனாலும் அதைக் கற்றுத்தர ஒருவர் வேண்டும்.

இன்னொரு சோதனை இதைவிட முக்கியம். பாம்பின் அருகே பதறாமல் இருக்கும் குரங்கை முதலில் பார்த்த குரங்குகள், பின்னால் நடுங்கும் குரங்கைக் கண்டபோதும் அவற்றில் பெரும்பாலானவை பயத்தைக் கற்கவில்லை. முதலில் பார்த்த நிதானம் அவற்றைக் காத்தது. பாம்பைக் கண்டதும் அலறிக் கம்பெடுக்கும் வீட்டில் பிள்ளை அலறலைக் கற்கும். “அது சாரை, தூரத்தில் நின்று பாரு, போய்விடும்” என்று சொல்லும் தாத்தாவிடமிருந்து நிதானத்தைக் கற்கும். பயந்து ஓடும் காலும் கம்போடு பாயும் காலும் பாம்பைத் தவறி மிதிக்கக்கூடியவை. நின்று பார்க்கத் தெரிந்த கால் மிதிப்பதில்லை.

பிள்ளைக்கு என்ன தரலாம்

பிள்ளை கேட்டதை முழுவதும் மறுக்க வேண்டியதில்லை. பாம்பைத் தரக் கூடாது. பாம்பறிவைத் தர வேண்டும்.

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். வேலியோரத்தில் கிடக்கும் பாம்புச் சட்டையைக் குச்சியால் எடுத்துக் காட்டுங்கள். கண்ணை மூடியிருந்த கண்ணாடிச் செதில்கூட அதில் உரிந்து வந்திருக்கும்; பாம்புக்கு இமை இல்லை என்பதைப் பிள்ளை தானே கண்டுபிடிக்கும். வயிற்றுச் செதில் அகலமாகவும் முதுகுச் செதில் சிறிதாகவும் இருப்பதை வரையட்டும். எந்த நாளில், எந்த இடத்தில், மழைக்கு முன்பா பின்பா என்று எழுதட்டும். ஒரு புரட்டாசி முதல் அடுத்த புரட்டாசி வரை எழுதினால், விதைப்பும் மழையும் எலியும் பாம்பும் ஒன்றோடொன்று பிணைந்து வருவது அதன் கையெழுத்திலேயே தெரியும். நடமாடும் ஊர்வனவற்றைப் பார்க்க ஆசையா? ஓணானும் அரணையும் சுவர்ப் பல்லியும் எல்லா வீட்டைச் சுற்றியும் உண்டு. தொடாமல் பார்க்க அவை போதும்.

நான்கு நச்சுப்பாம்புகளின் படத்தை முதலில் மனதில் பதிய வையுங்கள். ஆனால் படம் தெரியும் என்பதற்காக எந்தப் பாம்பையும் கையால் தொட அனுமதிக்காதீர்கள். பெரியவர்களே வெள்ளிக்கோல் வரையன் என்ற நஞ்சில்லாத பாம்பைக் கட்டுவிரியன் என்றும், கட்டுவிரியனை வெள்ளிக்கோல் வரையன் என்றும் தவறாகச் சொல்கிறார்கள். எந்தப் பாம்பானாலும் மூன்று ஆள் தூரம் விலகி நிற்பது பிள்ளையின் முதல் விதியாக இருக்கட்டும்.

விடுமுறையில் சென்னைக்குப் போனால் கிண்டிப் பாம்புப் பண்ணைக்கு அழைத்துப் போங்கள். பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் 1970களின் தொடக்கத்தில் உருவாக்கிய இடம் அது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி முதலைப் பண்ணையையும் காட்டுங்கள். 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அங்கேதான் பாம்புகளிலிருந்து நஞ்செடுக்கிறது. ஒரு காலத்தில் தோலுக்காகப் பாம்பு பிடித்த மக்கள், தோல் வணிகம் தடைசெய்யப்பட்ட பின், நாடு முழுவதற்கும் நஞ்சுமுறி மருந்துக்கான மூலப்பொருள் தருகிறவர்களாக மாறினார்கள். நஞ்செடுத்த பாம்பைச் சில வாரங்களில் மறுபடி காட்டில் விட்டுவிடுகிறார்கள். பாம்பைக் கையாளும் கலை என்றால் அதற்குப் பின்னால் எத்தனை ஆண்டுப் பயிற்சி இருக்கிறது என்பதைப் பிள்ளை அங்கே பார்க்கும்.

வீட்டில் சில பழக்கங்கள் வேண்டும். இரவில் வெளியே போனால் டார்ச்சும் செருப்பும். படப்பிலும் விறகுக் குவியலிலும் கல் அடுக்கிலும் பார்க்காமல் கை விடாதிருத்தல். கட்டிலில் படுப்பது, அல்லது பாயின் அடியில் நன்றாகச் செருகிய கொசுவலைக்குள் படுப்பது. தானியத்தைச் சிந்தாமல் வைத்து, எலி வருவதைக் குறைப்பது. வீட்டுக்குள் பாம்பு வந்துவிட்டால் தீயணைப்புத் துறைக்கோ வனத்துறைக்கோ சொல்லி, அவர்கள் வரும்வரை தூரத்திலிருந்து அது இருக்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது.

கடித்துவிட்டால் பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டியது இது: கயிறு கட்டக் கூடாது, கீறக் கூடாது, வாய் வைத்து உறிஞ்சக் கூடாது, மந்திரிக்கப் போய் நேரத்தை இழக்கக் கூடாது. கடிபட்ட காலையோ கையையோ அசைக்காமல் வைத்து 108ஐ அழைத்து, நஞ்சுமுறி மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும். பாம்பைப் பிடித்துக் கொண்டுபோக வேண்டியதில்லை. இந்த நான்கு நச்சுப்பாம்புகளின் நஞ்சுக்கும் ஒரே கூட்டு மருந்துதான் தருகிறார்கள்.

பிள்ளை பாம்பு கேட்டால், பெற்றோரே, காசைக் கடையில் கொடுக்காதீர்கள். ஒரு சாயங்காலத்தைப் பிள்ளைக்குக் கொடுங்கள். வரப்பில் நின்று, சாரை போகும் வழியை விரலால் காட்டி, “இது நம் தானியத்தைக் காக்கிற பாம்பு, இதை அடிக்கக் கூடாது, தொடவும் கூடாது” என்று சொல்லுங்கள். கரிசலில் வளரும் ஒரு பிள்ளைக்குப் பாம்பைப் பற்றிக் கொடுக்கக்கூடிய மிகப் பெரிய செல்வம் அந்த ஒரு வாக்கியம்தான்.